தூக்கத்துக்கு மனநல மாத்திரை: கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல கிளினிக் ஒன்றின் எதிரே இருக்கும் மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். சாயங்கால ஓ.பி. முடிந்து சீட்டோடு வருபவர்கள், டாக்டரிடம் கேட்காமல் விட்டதையெல்லாம் எங்களிடம்தான் கேட்பார்கள், அதுவும் பக்கத்தில் நிற்பவர் காதில் விழாத குரலில். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை, கேட்ட விதத்திலேயே இங்கே போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. கீழே வரும் மி.கி. கணக்கெல்லாம் உங்கள் சீட்டை நீங்கள் புரிந்துகொள்வதற்குத்தான், நீங்களாகவே கூட்டிக் குறைப்பதற்கு இல்லை.

"தூக்கம் வரலைன்னுதான் போனேன். சீட்டுல இருக்கற மாத்திரையை நெட்ல தேடினா மனச்சோர்வு மாத்திரைன்னு வருது. எனக்கு மனநோயா?"

பெரும்பாலும் இல்லை. அமிட்ரிப்டிலின், மிர்டசாபின், டிரசோடோன் மூன்றும் மனச்சோர்வுக்காக வந்த மருந்துகள்தான், ஆனால் குறைந்த அளவில் தூக்கத்துக்கும் எழுதுவார்கள். மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் 75 முதல் 150 மி.கி. வரை போகும், தூக்கத்துக்கு வருகிற சீட்டில் 10 அல்லது 25 என்றுதான் இருக்கும். சளி மாத்திரை போட்டால் கண்ணைச் சொருகுகிறதே, அதற்குக் காரணமான ஹிஸ்டமின் தடுப்புதான் இந்தக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலினும் மிர்டசாபினும் செய்கிற முக்கிய வேலை. டாக்செபின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தை 3, 6 மி.கி. அளவில் தூக்கமின்மைக்கென்றே 2010-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மற்ற மூன்றுக்கும் அப்படித் தனி அனுமதி கிடையாது, டாக்டர் தன் அனுபவத்தை வைத்து எழுதுகிறார். அதில் தப்பில்லை, ஆனால் "ஏன் டாக்டர் இது?" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

சில பேருக்கு மட்டும் டாக்டர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தே எழுதியிருப்பார். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று சொல்லியிருந்தால், தூக்கம் கெட்டது அந்த மனச்சோர்வால்தான். அதற்கு வைத்தியம் பார்க்காமல் தூக்கத்தை மட்டும் சரிசெய்ய முடியாது.

"தூக்க மாத்திரைன்னா எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை, கிட்டத்தட்ட எல்லாக் குழப்பமும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. பட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விடுங்கள், அதற்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், அதைப் படியுங்கள். அல்பிரசோலாம், குளோனசிபாம், லோரசிபாம், நைட்ரசிபாம், டயசிபாம் என்று '-பாம்', '-லாம்' என முடிபவை ஒரே குடும்பம், பென்சோடயசிபைன்கள். சோல்பிடெம் அதற்கு ஒன்றுவிட்ட உறவு, மூளையில் வேலை செய்யும் இடம் அதேதான். முதல் கேள்வியில் சொன்ன அமிட்ரிப்டிலின், மிர்டசாபின், டிரசோடோன் மூன்றும் மனச்சோர்வு மருந்துகள். க்வெட்டியாபின் மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் (மனம் ஒருசமயம் அளவுமீறி எழுச்சியிலும் ஒருசமயம் சோர்விலும் போகும் நோய்) கொடுப்பது, அதையும் 25, 50 மி.கி. அளவில் தூக்கத்துக்கு எழுதுகிறார்கள். மெலடோனின் தனி ரகம், உடம்பே சுரக்கும் ஹார்மோன், லேசான வேலைதான் செய்யும்.

"இதுக்கு அடிமையாயிடுவேனா?"

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. கவுண்டரில் நான் பார்ப்பது என்னவென்றால், பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், பயப்பட வேண்டாததற்குப் பயப்படுகிறார்கள். அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கொடுத்தால் "ஐயோ மனநோய் மாத்திரை" என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதே ஆள் அல்பிரசோலாமை "சும்மா தூங்கறதுக்குத்தாங்க" என்று பல வருடமாகப் போட்டுக்கொண்டிருப்பார், மூட்டுவலிக்கோ கேஸ்டிரிக்குக்கோ போன இடத்தில் யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்தது.

உடம்பு பழகிக்கொள்வதும், விட்டால் கை நடுங்குவதும், முன்னைவிட மோசமாகத் தூக்கம் கெடுவதும் பென்சோடயசிபைன் குடும்பத்தில்தான் அதிகம், சோல்பிடெமிலும் உண்டு. தினமும் போட்டால் சில வாரங்களிலேயே இது ஆரம்பிக்கலாம். மனச்சோர்வு மருந்துகளில் 'இன்னும் ஒன்று வேண்டும்' என்ற ஏக்கம் வருவதில்லை. திடீரென நிறுத்தினால் சில நாள் தலைசுற்றல், குமட்டல், கெட்ட கனவு என்று படுத்தும், அதனால் இவற்றையும் படிப்படியாகத்தான் விட வேண்டும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

"எத்தனை நாள் போடணும்?"

பென்சோடயசிபைன், சோல்பிடெம் என்றால் 2 முதல் 4 வாரம் என்பதுதான் பொதுவான கணக்கு. மனச்சோர்வோ பதற்றமோ கூடவே இருந்து மிர்டசாபின் போன்றதை எழுதியிருந்தால் பல மாதம் போகலாம், அது சரியான காரணம். சீட்டில் 0-0-1 என்று இருப்பது ராத்திரி ஒன்று என்பதை மட்டும்தான் சொல்கிறது, எப்போது முடியும் என்பதைச் சொல்வதில்லை. ஆகவே முதல் நாளே டாக்டரிடம் "இதை எப்போ நிறுத்தப் போறோம்?" என்று கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்வதில்லை, கேட்காவிட்டால் அந்தச் சீட்டு பழசாகி, கிழிந்து, லேமினேஷன் பண்ணிக் கொண்டுவரும் நிலைக்குப் போய்விடுகிறது (உண்மையாகவே கொண்டுவருகிறார்கள்).

"0.25 தானே, அதிலும் பாதி. அதுல என்ன ஆகப் போகுது?"

எண் சின்னதாக இருப்பதால் மருந்தின் வேலையும் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். 0.5 மி.கி. அல்பிரசோலாம் கிட்டத்தட்ட 5 முதல் 10 மி.கி. டயசிபாமுக்குச் சமம், குளோனசிபாமும் அந்த அளவு வீரியம் உள்ளதுதான். பாதி போடுகிறவர் முழுசு போடுகிறவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார், அதில் சந்தேகமில்லை, ஆனால் அந்தப் பாதியைத் தினமும் போட்டால் பழக்கம் வரத்தான் செய்யும்.

"நான் தூக்க மாத்திரையே போடறதில்லீங்க. டென்ஷனுக்கு ஒரே ஒரு மாத்திரைதான்."

அந்தப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். எஸ்சிடலோப்ராமும் (மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மருந்து) குளோனசிபாமும் சேர்ந்த கூட்டு மாத்திரை நம் ஊரில் சர்வசாதாரணம். எஸ்சிடலோப்ராம் வேலை செய்ய ஆரம்பிக்க 2 முதல் 4 வாரம் ஆகும், அதுவரை பதற்றத்தையும் தூக்கத்தையும் தாங்கிப் பிடிக்கத்தான் குளோனசிபாம். அதற்கப்புறம் எஸ்சிடலோப்ராமை மட்டும் தனியாகத் தொடர்வதுதான் முறை. ஆனால் இரண்டும் ஒரே மாத்திரைக்குள் இருப்பதால், ரிவ்யூவுக்குப் போகாமல் பழைய பட்டையைக் காட்டியே வாங்குகிறவர்களுக்கு எதைத் தொடர்கிறோம் என்பதே தெரிவதில்லை. ஒருநாள் கடையில் ஸ்டாக் இல்லையென்றால் அன்றைக்கு ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, "எனக்கு நோய் திரும்ப வந்துடுச்சு" என்று பயந்து வருவார்கள். மருந்து நின்றதன் விளைவாகவும் அது இருக்கலாம். உங்களுடையது இந்த ரகம் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிய டாக்டரிடம் போய் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

"பக்கத்து கடையில சீட்டு இல்லாம தர்றாங்க. நீங்க மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?"

அல்பிரசோலாம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் எல்லாம் எச்1 அட்டவணையில் (சீட்டைப் பார்த்து, பதிவு செய்துதான் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்) இருக்கின்றன, 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. பட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருப்பதைப் பார்க்கலாம். எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எத்தனை கொடுத்தோம் என்பதைத் தனி நோட்டில் பதிந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும். மற்ற மனநல மருந்துகளுக்கும் சீட்டு கட்டாயம்தான். நண்பர் ஒருவருக்கு நன்றாக வேலை செய்தது என்பதற்காக அவர் பட்டையிலிருந்து இரண்டு வெட்டிக்கொண்டு போவதும் இதே கணக்குத்தான்: அவருக்குக் குறட்டை இல்லை, உங்களுக்கு இருக்கலாம். அது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

"எத்தனை மணிக்குப் போடணும்? சாப்பிட்டுட்டா, சாப்பிடாமலா?"

சோல்பிடெம் என்றால் படுக்கையில் உட்கார்ந்துகொண்டுதான் போட வேண்டும், எழுந்திருக்க இன்னும் 7, 8 மணி நேரம் இருக்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போட்டால் வேலை செய்ய நேரமாகும், "இன்னும் வரலையே" என்று இன்னொன்றைப் போடுகிற விபரீதமெல்லாம் இதில்தான் நடக்கிறது. டிரசோடோனைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது நல்லது. அமிட்ரிப்டிலினைப் படுப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்னாடியே போட்டால் காலை மந்தம் குறையும் என்று டாக்டர்கள் சொல்வதுண்டு. போட்டுவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டு தூக்கத்தை எதிர்த்து உட்கார்ந்திருந்தால், மாத்திரையின் நல்ல நேரம் ரீல்ஸிலேயே போய்விடும்.

'எஸ்.ஆர்.', 'சி.ஆர்.', 'எக்ஸ்.ஆர்.' என்று பெயருக்குப் பின்னால் இருப்பவை மெதுவாகக் கரைவதற்கென்று செய்யப்பட்டவை. டாக்டரோ மருந்தாளுநரோ சொன்னாலொழிய உடைக்கவோ மெல்லவோ கூடாது.

"காலைல தலை பாரமா இருக்கு. வண்டி ஓட்டலாமா?"

அந்தப் பாரம் இருக்கும்வரை வேண்டாம். ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய சோல்பிடெமுக்கு 2, 3 மணி நேரம் போதும், அல்பிரசோலாமுக்குச் சுமார் 11 மணி நேரம், குளோனசிபாமுக்கு 30 முதல் 40 மணி நேரம். அதாவது நேற்று ராத்திரி போட்ட குளோனசிபாமில் பாதிக்கு மேல் இன்று சாயங்காலமும் உள்ளேதான் இருக்கிறது. சீக்கிரம் வெளியேறும் சோல்பிடெமிலேயே பெண்களுக்குக் காலையிலும் மருந்து மிச்சம் இருப்பதைப் பார்த்து, 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10-லிருந்து 5 மி.கி.யாகக் குறைத்தது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி எடுப்பது போன்றவை அபூர்வமாக நடப்பதால் 2019-ல் அதன் மீது கடும் எச்சரிக்கையும் போட்டார்கள். வீட்டில் யாராவது "ராத்திரி நீ எழுந்து நடந்தே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால், அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

"எடை ஏறுமாமே? எனக்கு சுகர் வேற இருக்கு."

மிர்டசாபினில் பசி நன்றாகவே எடுக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு டப்பா டப்பாவாக முறுக்கு தேடுகிற ரகப் பசி. மெலிந்துபோய் சாப்பிடாமல் இருப்பவருக்கு இதுவே வரம், ஏற்கெனவே கனமாக இருப்பவருக்குத் தொல்லை. க்வெட்டியாபினில் எடையோடு சர்க்கரையும் கொழுப்பும் ஏறலாம். வேறு மனநோய் இல்லாத ஒருவருக்குத் தூக்கமின்மைக்கு முதல் மருந்தாக இந்த ரகத்தைத் தொடக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-லேயே சொல்லிவிட்டது. என் கருத்தும் அதுதான். சுகர் இருப்பதை டாக்டரிடம் சொன்னீர்களா என்பதை முதலில் யோசியுங்கள், மனநல டாக்டரிடம் போகிறபோது சுகர் ஃபைலை யாரும் எடுத்துப் போவதில்லை.

"அப்பாவுக்கு 72 வயசு. ராத்திரி முழுக்க உலாத்தறார். என்னோடதுல பாதி கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். 65 வயதுக்கு மேல் பென்சோடயசிபைனையும் சோல்பிடெமையும் கூடுமானவரை தவிர்க்கச் சொல்கிறார்கள், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், மனக்குழப்பம் வருவதும்தான் காரணம். அமிட்ரிப்டிலினும் இவர்களுக்குச் சுலபமான மாற்று இல்லை: புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், மலச்சிக்கல் கூடும், சிலவகைக் கண் அழுத்த நோய் மோசமாகும், இதயத்துடிப்பிலும் பிரச்சினை வரலாம். டிரசோடோன், க்வெட்டியாபின் போட்டால் எழுந்து நிற்கும்போது பிரஷர் சட்டென்று இறங்கும். அப்பா ஏன் உலாத்துகிறார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பகலில் ஈஸி சேரில் எவ்வளவு நேரம் தூங்குகிறார், ராத்திரி எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறார், புதிதாகக் குழப்பமாகப் பேசுகிறாரா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். திடீரென்று ஓரிரு நாளில் வந்த குழப்பம் என்றால் அன்றைக்கே போங்கள்.

"ஒரு பெக் போட்டுட்டு மாத்திரை போட்டா நல்லா தூக்கம் வருதே?"

இரண்டும் சேர்ந்தால் மூச்சையே மட்டுப்படுத்தும், உயிர் போகும் அபாயம் இருக்கிறது. பென்சோடயசிபைனோடு டிரமடால் மாதிரி ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை சேர்ந்தாலும் இதே கதைதான். தனியாகக் குடித்தாலும் முதல் பாதி ராத்திரி அடித்துப்போட்டு இரண்டாவது பாதியை மது கெடுத்துவிடும்.

"இந்த வம்பெல்லாம் வேண்டாம், ஒரு அவில் கொடுங்க போதும்."

அது அலர்ஜி மாத்திரை, தூக்கம் அதன் பக்கவிளைவு. சில நாளிலேயே உடம்பு அந்தத் தூக்கத்துக்குப் பழகிவிடும், வாய் வறட்சியும் மறுநாள் மந்தமும் மட்டும் மிஞ்சும். வயதானவர்களுக்கு, அமிட்ரிப்டிலினுக்குச் சொன்ன சிறுநீர், குழப்பப் பிரச்சினைகள் இதிலும் அப்படியே வரும். இருமல் சிரப்புக்கும் இதே பதில்.

"மாத்திரை போட்டும் தூக்கம் வரலையே. டோஸ் பத்தலையா?"

டோஸைக் கூட்டும் முன்னால் நீங்கள் போடும் எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் கொட்டுங்கள். ராத்திரி போடும் டெரிஃபிலின் (வீசிங் மாத்திரை), மதியத்துக்கு மேல் போடும் பிரட்னிசலோன் (ஸ்டீராய்டு), அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை, சாயங்காலம் போட்டு ராத்திரியெல்லாம் எழுப்பிவிடும் நீர் மாத்திரை என்று தூக்கத்தைக் கெடுப்பவை பல. எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிலருக்கு விழிப்பைக் கொடுக்கும், அவற்றைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது குறட்டை. பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவருக்கு வந்திருப்பது தூக்கத்தில் மூச்சுத்தடையாக இருக்கலாம். இதற்குப் பென்சோடயசிபைன் போட்டால் அந்தத் தடை இன்னும் மோசமாகலாம். பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால் தெரிந்துவிடும், தனியாகப் படுப்பவர் ஃபோனில் ரெக்கார்டு போட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் கால். படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி, ஆட்டினால்தான் நிம்மதி என்றால், அது அமைதியற்ற கால் கோளாறாக இருக்கலாம். அமிட்ரிப்டிலின், மிர்டசாபின், அவில் மூன்றுமே அதைக் கிளப்பிவிடக்கூடியவை, அதாவது தூக்கத்துக்கென்று போட்டதே தூக்கத்தைக் கெடுக்கும். ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) பார்த்து, இரும்புச்சத்து குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்தாலே பலருக்குக் குறையும். காலைப் பற்றி யாரும் தானாகச் சொல்வதில்லை, தூக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுகிறார்கள்.

"மூணு நாளா தூங்கவே இல்லை, ஆனா களைப்பே தெரியலை. நல்ல சுறுசுறுப்பா இருக்கேன். இதுக்கும் அதே மாத்திரைதானா?"

கொஞ்சம் நில்லுங்கள், இது வேறு. தூக்கமின்மை உள்ளவருக்குத் தூங்க ஆசை இருக்கும், வராது. தூக்கமே தேவைப்படாமல், பேச்சு வேகமாகி, காசைத் தண்ணீராகச் செலவழித்து, பெரிய பெரிய திட்டம் போட ஆரம்பித்தால் அது இருமுனைக் கோளாறின் எழுச்சி நிலையாக இருக்கலாம். இந்த நிலையில் மனச்சோர்வு மருந்து இன்னும் ஏற்றிவிடக்கூடும். வீட்டில் முன்பு யாருக்காவது இப்படி இருந்திருந்தால் முதல் சீட்டு எழுதும்போதே சொல்லுங்கள். க்வெட்டியாபின் இவர்களுக்குச் சரியான மருந்தாகவே இருக்கலாம், மேலே நான் அதைக் குறை சொன்னது வெறும் தூக்கமின்மைக்கு.

"மாசமா இருக்கேன், நேத்துதான் தெரிஞ்சுது. மாத்திரையைத் தூக்கிப் போட்டுடட்டுமா?"

திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், யாரையும் கேட்காமல் தொடரவும் வேண்டாம். மகப்பேறு டாக்டர், மனநல டாக்டர் இருவருக்கும் இந்த வாரமே தெரியப்படுத்துங்கள். முடிவு மருந்தைப் பொறுத்தும், எதற்காகப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் மாறும்.

"இன்னையோட நிறுத்திடலாம்னு இருக்கேன். மனசு உறுதியா இருந்தா போதும்தானே?"

அடிமையாவது பற்றிய கேள்வியில் சொன்ன பென்சோடயசிபைன் குடும்பம் என்றால், மன உறுதி இருப்பவருக்கும் வலிப்பு வரலாம். பல மாதம், பல வருடம் போட்டவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட வழிகாட்டி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்று குறைக்கத் தொடங்கச் சொல்கிறது. மெதுவாகத்தான் போகும், மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் சில ராத்திரி தூக்கம் கெடும், அது கடந்துபோகும், அதைப் பார்த்து முழு டோஸுக்குத் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். எந்தப் படியில் நிற்பது, எப்போது இறங்குவது என்பதை டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

"மாத்திரையே இல்லாம வழி இருக்கா?"

இருக்கிறது, உண்மையில் அதுதான் முதல் வைத்தியம். வாரத்துக்கு 3 ராத்திரியாவது, 3 மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டால் நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள். அதற்கு மாத்திரைக்கு முன்னால் தூக்கமின்மைக்கான அறிதிறன் நடத்தைச் சிகிச்சையைக் கொடுக்கச் சொல்லி அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் அறிவித்தது. எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, இருபது நிமிடம்போலப் புரண்டும் வரவில்லையென்றால் எழுந்துபோவது, ஆறு மணி நேரம்தான் தூங்குகிறோம் என்றால் படுக்கையிலும் ஆறு மணி நேரமே இருந்து பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது, இவைதான் அடிப்படை. முதல் இரண்டு வாரம் பகலில் தள்ளாடும். இருமுனைக் கோளாறோ வலிப்போ இருப்பவர்கள் படுக்கை நேரத்தைக் குறைக்கும் வேலையைத் தாங்களாகச் செய்யக் கூடாது.

"எழுந்து எங்கேங்க போறது, ஒரே ரூம்ல அஞ்சு பேர் படுத்திருக்கோம்" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வாசற்படியோ, சமையலறை ஓரமோ, விளக்கு மங்கலாக ஒரு நாற்காலி கிடைத்தால் போதும். பாயை விட்டு எழுவதுதான் முக்கியம்.

"மிச்சம் நிறைய மாத்திரை வீட்ல கிடக்கு. வச்சிருக்கலாமா?"

வேண்டாம். அமிட்ரிப்டிலின் மொத்தமாக உள்ளே போனால் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது, குழந்தைகள் உள்ள வீட்டில் சில மாத்திரைகளே போதும். வீட்டில் யாராவது சாக வேண்டும் என்று பேசியிருந்தால், மாத்திரைகளை வேறொருவர் பூட்டி வைத்துத் தினமும் எடுத்துக் கொடுக்கட்டும், டாக்டரிடமும் ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதச் சொல்லுங்கள். அந்த எண்ணம் உங்களுக்கே வந்தால் 14416-க்கு அழையுங்கள், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. யாராவது ஏற்கெனவே விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைத்து நேரத்தைப் போக்காமல், 108-க்கு அழைத்துவிட்டு, காலிப் பட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.